முழு, அரை, இல்லை

விஜயலெட்சுமிக்குக் கையெழுத்து அழகு. நமுனுகுல மலையடியில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவள் காலத்தில் பத்தாம் வகுப்பு வரை போன பெண்பிள்ளைகள் மூன்றே பேர். இரண்டு பேர் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவள் இவள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, சாயங்காலம் லயம் என்கிற வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து, பக்கத்துக் காம்பராப் பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாள், மனு எழுதிக் கொடுப்பாள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அவர்களுடைய பேரை எழுதி வைப்பாள்.

பேர் என்றால் என்னவென்று இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை நொண்டும். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்புவார்கள். சொன்ன அளவுக்குக் கொழுந்து எடுத்தவளுக்கு அன்று முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். வேலைக்கே வராதவளுக்குப் பேர் இல்லை. "இன்னைக்கு ஒனக்கு என்னாடி?" என்று ஒருத்தி கேட்டால் "முழு" என்பாள், அல்லது "அரை" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை. தோட்டத்துப் புத்தகத்தில் முழு சில சமயம் அரையாக மெலிந்துவிடும் என்பதால், பெண்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு கொப்பி வைத்திருந்தார்கள். அதுதான் விஜயலெட்சுமியின் கொப்பி. பதினாறு வயதிலிருந்து அவள் கை ஒருநாள் விடாமல் எழுதிய சொற்கள் மூன்று.

இனி விஜயலெட்சுமி குடும்பத்துக் கட்டைப் பற்றிச் சொல்கிறேன். விடிந்து கண் விழித்தால் கை அசையாது, கால் அசையாது. கண் உருளும், வாய் பேசும், கழுத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் வேறொருவருடைய உடம்பாகக் கிடக்கும். கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்ட மறுநாள் வரும். முறிந்து முறிந்து வேலை செய்துவிட்டுப் படுத்தால் வரும். ஒரு மணி நேரத்தில் விட்டாலும் விடும், பொழுது சாயும் வரை விடாமலும் இருக்கும். யாரோ செய்வினை செய்து கட்டிவிட்டார்கள் என்றது லயம். கோடாங்கி வந்து கட்டவிழ்த்ததில் செத்தது கோழிகள்தான். தாய் ரெங்கம்மாவின் வழியில் வந்த கட்டு அது. ரெங்கம்மாவின் அக்கா பதினெட்டு வயதில், மலையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுச் சாய்ந்தவள், எழும்பவில்லை. ரெங்கம்மாவின் அண்ணன் பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தவன் அப்படியே குப்புற விழுந்து போய்ச் சேர்ந்தான். கட்டு உள்ளவர்களுக்கெல்லாம் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்களோ இல்லையோ, விஜயலெட்சுமியின் விரலைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அவளுக்குக் கட்டு வருவது வருசத்துக்கு ஒன்றோ இரண்டோதான். தம்பி ரமேஸுக்கோ மாதத்தில் ஏழெட்டு நாள்.

அதனால் அந்தக் காம்பராவில் ஒரு வழக்கம் இருந்தது. விடியுமுன் ரெங்கம்மா படுத்தபடியே ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கை காலை அசைத்துப் பார்த்துவிட்டு "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். ரமேஸ் ஸ்டோர் என்ற தேயிலை ஆலையில் அரைக்கும் பகுதியில் வேலை செய்த இருபத்தாறு வயது ஆள், வாய்த்துடுக்கு. கட்டு வந்த நாளில் அவன் சொல்லும் பதிலே வேறு. "நான் இருக்கேன், சாமான்தான் வந்து சேரல" என்பான். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, மூக்கு அரிக்குது, சொறிஞ்சு விடு" என்பான். சிரிக்காமல் அவன் மூக்கைச் சொறிந்துவிட முடியாது.

தோட்டத்து மருந்துக்காரர் இதை வலிப்பு என்று எழுதினார். வெளியே காட்டிய இடங்களில் நடிப்பு என்றார்கள். தொண்ணூற்றெட்டில் ஒருநாள் கட்டோடு ரமேஸைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் டாக்டர் கேசினி அங்கே இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான ஆள், பேச்சில் அவசரம். அவர் ரமேஸின் நாடியைப் பிடிப்பதற்கு முன்னால் சுண்டுவிரலைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. நெஞ்சுத் துடிப்பைப் படம் எடுத்தார், இரத்தம் எடுத்தார், செத்தவர்கள் பேரையெல்லாம் கேட்டு ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டார்.

"இது செய்வினை இல்லை. தசைக்குள்ள உப்புப் போய் வாற வாசல் ஒண்டு பிழையாக் கிடக்கு. அதே வாசல்தான் நெஞ்சிலையும் இருக்கு. கை கால் கட்டுறது பெரிசில்லை, நெஞ்சு தாளம் தப்பினால்தான் ஆபத்து. உலகத்திலையே கொஞ்சக் குடும்பங்களுக்குத்தான் இது இருக்கு."

உலகத்தில் அரிதான ஒரு பொருள் தங்கள் லயத்தில் இருப்பது தெரிந்ததில் ரமேஸுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மருந்து என்று எதுவும் இந்த நோய்க்காக உண்டாக்கப்பட்டிருக்கவில்லை. கண் அழுத்தத்துக்குக் கொடுக்கிற பழைய மாத்திரை ஒன்று சிலருக்குக் கட்டைச் சீக்கிரம் அவிழ்க்கிறது என்று வெளிநாட்டில் எழுதியிருந்தார்கள், சிலருக்குக் கூட்டிவிடுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். இந்தக் குடும்பத்துக்கு எது என்று சோதித்துப் பார்க்காமல் தெரியாது. ஆறு பேரை வைத்துச் சோதனையா என்று கொழும்பில் சிரித்தார்களாம். டாக்டர் இரண்டு வருசம் அலைந்து அனுமதி வாங்கினார். ரெங்கம்மா, விஜயலெட்சுமி, ரமேஸ், பீலியில் விழுந்த மாமனுடைய மக்கள் மூன்று பேர், ஆக ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டு போத்தல். ஒன்றில் மருந்து, மற்றதில் அதே நிறத்தில் வெறும் மாவு வில்லை. முதல் போத்தல் மூன்று மாதம், இடைவெளி விட்டு இரண்டாவது மூன்று மாதம். யாருக்கு எதில் மருந்து என்பது கொழும்பில் பூட்டி வைத்த பட்டியலுக்குத்தான் தெரியும். டாக்டருக்கே தெரியாது.

இரண்டாயிரமாம் ஆண்டு மாசியில் டாக்டர் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். விஜயலெட்சுமி போகவில்லை, கொழுந்து கூடிய காலம். அவள் பங்குக்குத் தகப்பன் தம்பையா கேட்டுக்கொண்டு வந்தார், அச்சடித்த ஆறு கொப்பிகளோடு.

"கட்டு வந்த நாளு மட்டும் எழுதணுமாம். மத்தியானம் ஆளு எப்படின்னு புள்ளி போடணுமாம். ஒனக்குத் தெரிஞ்சதுதான், முழு, அரை, இல்லைன்னு போட்டிருக்கு."

கொப்பியைத் திறந்தாள். தேதி. அதன் கீழே "மதிய நிலை". அதன் கீழே மூன்று கட்டங்கள்: முழு, அரை, இல்லை.

டாக்டர் கேட்டது, மதியத்தில் கட்டு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று. முழுக்கட்டும் இருக்கிறதா, பாதி விட்டிருக்கிறதா, இல்லையா. தோட்டத்துப் பெண்ணுக்கு அது கேட்டது வேறு விதமாக. கட்டு சீக்கிரம் விட்டு, ஆள் வேலைக்குப் போய் முழுப்பேர் வாங்கினால் முழு. தாமதமாக எழும்பி அரைநாள் போனால் அரை. பாயிலேயே கிடந்தால் இல்லை. இரண்டு பேரும் தமிழ்தான் பேசினார்கள். ஒரே சொல், தலைகீழ் அர்த்தம். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, டாக்டரையும் முழுதாகத் திட்ட முடியவில்லை. ஆனால் மூன்று கட்டத்துக்கு மேலே "கட்டு" என்று ஒரு சொல் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகியிருக்கும் என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆறு பேருக்கும் அவளே எழுதினாள், அழகான கையெழுத்தில், கட்டு வந்த ஒருநாளும் தவறாமல். இடையில் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று டாக்டர் கொப்பிகளைத் திறக்காமலே கொழும்புக்கு அனுப்பினார். அங்கே முகம் தெரியாத ஒருவர் புள்ளிகளை எண்ணினார்.

கார்த்திகையில் முடிவு வந்தது. டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னபோது அவருடைய முகமே வாடிக் கிடந்தது.

"மருந்து சரிவரேல்லை. கட்டு வந்த நாளுகள் ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான். ஆனால் மருந்து குடிச்ச காலத்திலை கட்டு மத்தியானம் வரைக்கும் விடாமல் நிண்டிருக்கு. இந்தக் குளிசை உங்களுக்கு வேண்டாம். வேற ஏதும் பாப்பம்."

ரமேஸ் வாயைத் திறந்தான். "ரெண்டாவது போத்தலு..." என்றவன் நிறுத்திவிட்டான்.

"என்ன ரமேஸ்?"

"ஒண்ணுமில்லிங்க. ஆமாங்க."

விஜயலெட்சுமிக்கு எல்லாம் பொருந்தியே வந்தது. தம்பிக்கு இரண்டாவது போத்தல் காலத்தில் முழுவாகப் போட்டது அவளேதான். விடியற்காலை கட்டு வரும், பெரட்டு அடிப்பதற்குள் விட்டுவிடும், ஆள் விசிலடித்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விடுவான். அப்படியென்றால் மருந்து முதல் போத்தலில் இருந்திருக்க வேண்டும், இரண்டாவது வெறும் மாவு. மருந்தை விட்டதால் தேறினான். இப்படி நினைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் ஏறினாள். பக்கத்தில் ரமேஸ்.

"அக்கா, அந்த ரெண்டாவது போத்தலையே கேட்டு வாங்கியிருக்கலாம். சும்மா மாத்திரைன்னாலும் பரவால்ல."

"சும்மா மாத்திரைய எவனாச்சும் கேட்டு வாங்குவானா? பைத்தியம்."

"சும்மா மாத்திரைன்னா விரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி ஏன் இருந்துச்சு?"

அவள் சிரித்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிறகு எத்தனையோ வருசம் அவள் காதில் கேட்டது. அவள் சிரித்த அந்த ஹாலிஎல வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் கேட்டது.

தைப்பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரெங்கம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். ரமேஸ் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் விடியுமுன் ரெங்கம்மா கூப்பிட்டபோது, "நான் இருக்கேன், சாமான் வந்து சேரல" என்று பதில் வந்தது. டாக்டர் கொடுத்திருந்த உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். விஜயலெட்சுமி அவன் மூக்கைச் சொறிந்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். வழக்கமான கட்டுதானே. ஒன்பதரை மணிக்கு மலைக்குக் கீழே யாரோ அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. அவள் வந்து சேர்ந்தபோது ரமேஸின் கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். "நெஞ்சு பறக்குதும்மா" என்றானாம். அதற்குப் பிறகு பேசவில்லையாம்.

மருந்தை நிறுத்திய பிறகும் ஆறு மாதம் கொப்பி எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர். அன்று சாயங்காலம், பிணம் வீட்டில் கிடக்க, வாசலில் பறை அடிக்க, விஜயலெட்சுமி கொப்பியை எடுத்துத் தேதி போட்டு, மூன்றாவது கட்டத்தில் புள்ளி வைத்தாள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் பெண்கள். புத்தியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் கைக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிணம் எடுத்த மறுநாள் விடியலில் ரெங்கம்மா வழக்கம் போலக் கூப்பிட்டாள். புருசனை "என்னாங்க" என்றாள். "இருக்கேன்." "விஜயா" என்றாள். "இருக்கேன்." பிறகு "ரமேசு" என்றாள். யாரும் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டாள். அந்த மாதம் முழுக்க அப்படித்தான். விஜயலெட்சுமி போர்வையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். ஒரு விடியலில் பதில் கேட்டதாகவே அவளுக்குத் தோன்றியது, கூடவே மூக்கு அரிக்கிறது என்பதும். அவள் எழுந்து போய் அவன் பாய் விரித்த இடத்தில் கை வைத்துப் பார்த்தாள். சிமெந்து குளிர்ந்து கிடந்தது.

முப்பத்தோராம் நாள் கழிந்த ஒரு பிற்பகல், டாக்டர் கேசினி லயத்துக்கே வந்தார். ரெங்கம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். விஜயலெட்சுமி கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் வாசலில் நின்றபடியே கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"இது ரமேஸ் செத்த நாள்தானே?"

"ஆமாங்க."

"மதியம் 'இல்லை' எண்டு போட்டிருக்கிறியள். மதியத்துக்கு முதலே கட்டு விட்டிட்டுதோ?"

"கட்டா?" விஜயலெட்சுமிக்கு விளங்கவில்லை. "பேருங்க. அன்னைக்கு அவனுக்குப் பேரு இல்லீங்களே. ஆளே இல்லியே."

"என்ன பேர்?"

பேர் என்றால் என்னவென்று ஒரு டாக்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று வியந்துகொண்டே அவள் சொன்னாள். முழுப்பேர், அரைப்பேர், பேர் இல்லை. சொல்லச் சொல்ல டாக்டரின் கை பின்பக்கங்களைப் புரட்டியது. வேகமாகப் புரட்டியது. பிறகு நின்றது.

"அப்ப நீங்கள் 'முழு' எண்டு போட்டது..."

"நல்லா இருந்தான், முழு நாளும் வேலை செஞ்சான்னு அர்த்தங்க."

டாக்டர் படியில் உட்கார்ந்தார். உடுப்பில் மண் படுவதைப் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்த விதத்திலேயே விஜயலெட்சுமிக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கேட்டாள்.

"தம்பிக்கு மருந்து எந்தப் போத்தல்லங்க இருந்துச்சு?"

"ரெண்டாவதிலை."

கொப்பியை மூடிவிட்டு டாக்டர் சொன்னார்: "நீங்கள் எழுதினது சரி. நான் கேட்ட விதம் பிழை. ஒருநாள், ஒரேயொருநாள் நான் இந்தக் கொப்பியைத் திறந்து உங்களிட்டைக் கேட்டிருக்க வேணும்." அவர் அழுதார். டாக்டர்கள் அழுது விஜயலெட்சுமி பார்த்ததில்லை. அதைப் பார்த்து அவளுக்கு ஆறுதல் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கொழும்பில் திரும்பவும் எண்ணினார்கள். மருந்து வேலை செய்திருந்தது. கட்டு வந்த எல்லோரிலும் செய்திருந்தது. மாமன் மக்கள் மூன்று பேரும் மாத்திரையைத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே கட்டு வந்தாலும் தேத்தண்ணி குடிப்பதற்குள் அவிழ்ந்தது. ரெங்கம்மா மட்டும் தொடமாட்டேன் என்றாள்.

"மொதல்ல சேராதுன்னாங்க. இப்ப சேரும்ங்கிறாங்க. எம்புள்ள நெஞ்ச அந்த மருந்துதான் கெடுத்துச்சு. நான் திங்க மாட்டேன்."

ரெங்கம்மாவின் நெஞ்சுப் படம் நன்றாக இல்லை. துடிப்பு இடையிடையே தடுமாறி ஓடுவதை டாக்டர் காட்டினார். அடுத்த பெரிய கட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது என்றார். "நானே அம்மாவுக்குச் சொல்லுறன், என்ர பிழை எண்டு" என்று இரண்டு தடவை கேட்டார். விஜயலெட்சுமி, "வேணாங்க, நான் சொல்றேன்" என்றாள்.

சொல்லவில்லை. ஏழு மாதம் சொல்லவில்லை. தகப்பன் கொண்டுவந்த வார்த்தை அது, அவர் மனசு உடையும் என்று ஒரு சாக்கு. தாய் அழுது ஓயட்டும் என்று இன்னொரு சாக்கு. உண்மை என்னவென்றால் பயம். தம்பியைக் கொன்றவள் என்று தாயின் வாயால் கேட்கும் பயம். அதை விட மோசம், அவள் தன் பங்கு மாத்திரையை மடிக்குள் முடிந்து கொண்டுபோய், மலையில் கொழுந்துச் செடிகளுக்கு நடுவே, யாருக்கும் தெரியாமல் விழுங்கி வந்தாள். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் விரல் நுனியில் எறும்பு ஊரும். அப்போதெல்லாம் அவள் கொழுந்து பறிக்கும் கையை நிறுத்திவிட்டு நிற்பாள். அந்த ஏழு மாதமும் அவளுக்கு ஒருநாள்கூட அரைப்பேர் விழவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை ரெங்கம்மா கூப்பிடவில்லை. விஜயலெட்சுமி எழுந்து பார்த்தபோது தாயின் கண் திறந்திருந்தது, உதடு மட்டும் அசைந்தது, கழுத்தில் நரம்பு தாறுமாறாகத் துள்ளியது. உப்புத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். பத்து மணிக்குத் துள்ளல் அடங்கியது. மத்தியானம் தாண்டித்தான் கை வந்தது. தம்பையா வேலைக்குப் போயிருந்தார். தாயைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, விஜயலெட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். கொப்பியைத் திறந்து காட்டி, ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துச் சொன்னாள். ரெங்கம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் விரல் போன இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ரெண்டாவது போத்தலு நெச மருந்தா?"

"ஆமாம்மா."

"மருந்து அவன ஒண்ணும் செய்யலியா?"

"இல்லம்மா. மருந்து இல்லாமதான்... நான் எழுதுனதாலதான் நிறுத்துனாங்க. நான்தாம்மா."

அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ரெங்கம்மா அவளைப் பார்க்கவில்லை. வெளியே சாய்ந்து கிடந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ கேட்பது போலக் கேட்டாள்.

"டாக்டரம்மா முன்னால அவன் வாயத் தொறந்தான்ல, அன்னைக்கு?"

"ஆமா."

"அந்தப் போத்தல்தான் வேணும்னு கேக்கத்தான் தொறந்தான். போற பஸ்ஸுலயே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தான். பெரிய எடத்துல எதுத்துப் பேசுறான் பாரு, நம்மள என்னா நெனைப்பாங்கன்னு..." வெயிலை விட்டு மகள் பக்கம் திரும்பினாள். "நான்தான் அவன் தொடையக் கிள்ளுனேன். ஒனக்குத் தெரியாது. இறுக்கிக் கிள்ளுனேன். அதுக்கப்புறந்தான் ஆமாங்கன்னான்."

விஜயலெட்சுமி எட்டித் தாயின் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் இன்னும் பலம் முழுதாக வரவில்லை, பிடித்த இடத்திலேயே துவண்டு கிடந்தது.

"மாத்திர எங்க வச்சிருக்க?" என்றாள் ரெங்கம்மா.

மடியை அவிழ்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, விஜயலெட்சுமி தண்ணீருக்கு எழுந்தாள். திரும்பி வருவதற்குள் ரெங்கம்மா மாத்திரையை வாயில் போட்டுக் கடித்து மெல்லத் தொடங்கியிருந்தாள். மெல்லுகிற மாத்திரை இல்லை அது, கசப்பு. கண்ணில் நீர் வழிய வழிய நொறுங்க மென்றாள்.

பிறகு எட்டு வருசம் ரெங்கம்மா உயிரோடு இருந்தாள். ஒருநாளும் மாத்திரை தவறவிட்டதில்லை, ஒருநாளும் அதற்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டதும் இல்லை.